பெயரைச் சொன்னால் போதுமா?

ஆங்கிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகழ்பெற்ற நாவல் ஆசிரியரின் பெயரையே ஓர் அடைமொழியாக ஆக்கிவிடுவார்கள்.

இருண்ட சந்து, பசியால் வாடும் குழந்தை, ஈவு இரக்கம் இல்லாத முதலாளி, இவற்றை எல்லாம் விளக்க, "டிக்கன்சியன்" என்று ஒரே சொல்லில் கூறுவார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் என்ற நாவல் ஆசிரியரின் பெயரில் இருந்து பிறந்த சொல் அது.

மக்களை ஓர் அரசாங்கம் ஓயாமல் வேவு பார்த்தால், பொய்யை உண்மை என்று நம்பச் சொன்னால், அது "ஆர்வெல்லியன்".

ஒரு பக்கம் எழுத வேண்டியதை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். வசதிதான். ஆனால், அந்த வசதியில் ஓர் அநீதியும் கலந்து இருக்கிறது.

எதிர்த்தவர் மீதே பழி

ஜார்ஜ் ஆர்வெல் நம் நாட்டில் பிறந்தவர். பீகாரில் உள்ள மோதிஹாரியில் 1903-ம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர், எரிக் ஆர்தர் பிளேர். இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர்தான் ஆர்வெல். அதை அவர் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

1949-ல் வெளிவந்த "1984" என்ற நாவலில், கொடுங்கோல் ஆட்சியைக் கண்டித்து எழுதினார். இன்று அந்தக் கொடுமைக்கே அவர் பெயர்!

டிக்கன்சின் கதையும் இதுதான். 1824-ல் அவருடைய தந்தை கடனுக்காகச் சிறை சென்றார். 12 வயதுச் சிறுவன் டிக்கன்ஸ், காலணிக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தான். அந்த வேதனையை அறிந்தவர், ஏழைகளுக்காகப் பரிந்து எழுதினார். அவர் பெயர் ஏழ்மைக்கு அடைமொழி ஆகிவிட்டது.

தமிழில் நேர்மாறு

தமிழர்கள் வேறு வழியில் சென்றார்கள். புலவரின் பெயரைச் சொல் ஆக்கவில்லை. புலவரின் சொல்லையே அவருக்குப் பெயர் ஆக்கினார்கள்!

செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பாடியவர், செம்புலப்பெயனீரார். அணில் ஆடும் முற்றத்தைப் பாடியவர், அணிலாடு முன்றிலார். பெற்றோர் இட்ட பெயர் மறைந்துவிட்டது. பாட்டு நிலைத்துவிட்டது.

இன்னும் சிலருக்கு ஊர்ப் பெயரே அடையாளம். சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் கடப்பாக்கம் வரும். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரை அறிவார்கள். கடப்பாக்கம் இருப்பது இடைக்கழிநாடு பேரூராட்சியில். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நாடு.

பத்துப்பாட்டில் ஒன்றான "சிறுபாணாற்றுப்படை"யைப் பாடியவரின் பெயர், இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்! நல்லியக்கோடன் என்ற மன்னனைப் போற்றி, 269 அடிகளில் பாடியிருக்கிறார்.

மூடிய கதவு

அதில் ஓர் ஏழைப் பாணனின் வீடு வருகிறது. சுவர் செல்லரித்துக் கிடக்கிறது. அடுப்படியில் காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று, பசியோடு அங்கே குரைக்கிறது.

வீட்டுப் பெண், குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்புப் போடவும் வழி இல்லை. வேகவைத்த கீரையைப் பிறர் பார்த்துப் புறம் பேசுவார்களே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பிறகு, சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள்.

வறுமையை மட்டும் அல்ல, வறுமையிலும் மானத்தோடு வாழும் குடும்பத்தைப் புலவர் காட்டுகிறார். இதை எந்த அடைமொழியில் அடக்க முடியும்?

"டிக்கன்சியன் வறுமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படிச் சொன்னவருக்கு, அந்தக் குழந்தையின் முகம் தெரியாது. கதவை மூடிய பெண்ணின் மனமும் தெரியாது. படித்தவருக்குத் தெரியும். தெரிந்தவரே, அடுத்த வீட்டில் கதவு மூடியிருந்தால் ஏன் என்று நினைத்துப் பார்ப்பார்.

அடைமொழியைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. "கம்பர் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்" என்று பெருமையோடு சொல்கிறோம். கம்பரின் பாட்டு ஒன்றையாவது வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பழமொழிக்குப் பொருள் இருக்கும்.

எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை, அவர் பெயரை உச்சரிப்பது அல்ல. அவர் எழுதியதைப் படிப்பதுதான்.