பில்டர் வாங்குமுன் குழாயைப் பாருங்கள்



கொஞ்ச நாளாக ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டங்களிலும் தாமான்களிலும் தண்ணீர் பில்டர் விற்பவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். சிங்குக்கு அடியில் மாட்டுகிற சாமான். மாதத் தவணைதான், கையில் காசு வேண்டாம் என்கிறார்கள். "டிரசரய்யா, வாங்கலாமா?" என்று மருந்துக்கு வருகிறவர்களெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் குழாயைப் பாருங்கள் என்கிறேன்.

போன மாதம் லயத்தைப் பார்வையிடப் போனபோது, பழைய ஸ்டாப் வீடு ஒன்றில் புதிதாகக் குடிவந்த ஒரு தாயாரைப் பார்த்தேன். கையில் நாலு மாதக் குழந்தை. சிங்கில் குழாய் சொட்டும் இடத்தில் நீலப்பச்சையாக ஒரு கோடு. "எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது ஐயா. காலையில தேத்தண்ணி வேற கசக்குது" என்றார். பில்டர் பெட்டி மூலையில் பிரிக்காமல் இருந்தது.

அந்த வீட்டுக் குழாய் செப்பு. தண்ணீர் வெட்டு வரும் நாட்களுக்காகக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அதையும் அதே குழாயில் விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. செப்புப் பாத்திரத்தில் புளியை ஊற விடாதே என்று நம் பாட்டிகள் சொன்னதும், பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசியதும் எதற்கு? புளிப்பு செம்பைக் கரைக்கும். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர்தான் காலையில் கசந்தது. அந்த முதல் தண்ணீரைக் காய்ச்சித்தான் குழந்தைக்குப் பால்மாவு கரைத்திருக்கிறார்கள்!

காய்ச்சினால் கிருமி சாகும், செம்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மிஞ்சினால் குமட்டல், வாந்தி, வயிற்று வலி வரும். கைக்குழந்தைக்கு ஈரல் இன்னும் பலப்படவில்லை, ஆகவே அதிகக் கவனம் வேண்டும். இந்தியாவில் பச்சைக் குழந்தைகளின் ஈரலைக் கெடுத்த ஒரு நோய் இருந்தது. பித்தளை, செப்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று 1980களில் புனே டாக்டர்கள் எடுத்துக் காட்டினார்கள். செப்புச் சொம்பில் தண்ணீர் குடித்த தாத்தா நன்றாகத்தானே இருந்தார் என்று கேட்கலாம். தாத்தா பெரியவர், நாலு மாதப் பிள்ளையில்லை.

இன்னொன்று, குழாயின் பற்றவைப்பு. பழைய செப்புக் குழாய் மூட்டுகளில் காரீயம் கலந்த பற்றாசு வைத்தார்கள். நம் பேராக்கில் தோண்டிய வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்வதால் பலர் குழம்பிப் போகிறார்கள். காரீயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்க்கு அதை 1986இல் தடை செய்தார்கள். ஆனாலும் அதே நாட்டில் பிளின்ட் என்ற ஊரில் 2014இல் வேறு ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால், பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது.

சரி, பில்டர் இதைப் பிடிக்காதா? எல்லா பில்டரும் பிடிக்காது. சாதாரணக் கரி பில்டர் குளோரின் வாசனையையும் நிறத்தையும் எடுக்கும். காரீயத்துக்கும் செம்புக்கும் சோதித்தது என்று எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள். குளோரினை எடுத்துவிட்டால் கிருமிக்குக் காவல் இல்லை. மாற்றாமல் வைத்த பில்டருக்குள்ளேயே கிருமி வளரும். பில்டர் மாட்டியாச்சு, இனிக் காய்ச்ச வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மாட்டுவதானால் வேலை தெரிந்தவரைக் கொண்டு மாட்டுங்கள். மெயின் வால்வை அடைத்து, குழாயைத் திறந்து, உள்ளே நிற்கிற தண்ணீரை வடிக்க வேண்டும். செப்புக் குழாயை இரம்பத்தால் அறுத்தால் கோணலாகும், பிசிறு நிற்கும். வெட்டுக் கருவி கொண்டு வெட்டி, பிசிறைச் சுரண்டி, நட்டும் வளையமும் உள்ள இறுக்கு மூட்டைப் போட்டால் நெருப்பே வேண்டாம். சமையல் கேஸ் பக்கத்தில் தீ வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். பில்டருக்கு முன்னால் தனி வால்வு ஒன்று அவசியம். குழாயில் ஊசியால் துளை போட்டுப் பிடிக்கும் மலிவு வால்வு நாளடைவில் ஒழுகும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுடுதண்ணீர்க் குழாயில் மாட்டவே கூடாது. நாகப்பூச்சு இரும்புக் குழாயைச் செம்போடு நேரே சேர்த்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப் போகும்.

பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. பழைய வீடுகளில் கரண்டின் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் துண்டு போட்டால் அந்த எர்த் அறுந்துவிடும், அப்புறம் ஈரக் கையோடு தொடுகிறவருக்கு ஷாக்! குழாயில் கம்பி எதுவும் சுற்றியிருந்தால் வயர்மேனைக் கூப்பிடாமல் வெட்ட விடாதீர்கள்.

அந்தத் தாயார் வீட்டில் கூரைத் தண்ணீரைச் செப்புக் குழாயிலிருந்து பிரித்துவிட்டார்கள். குழந்தைப் பாலுக்கு வாசல் குழாயில் மெயின் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சுகிறார். மற்றவர்கள் காலையில் குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாகக் குளிர்ந்து வரும்வரை ஓட விட்டு, அப்புறம் பிடியுங்கள். முதல் தண்ணீர் பூச்செடிக்கோ தரை கழுவவோ ஆகட்டும்.

கடைசியாக, பணம். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்ட வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. குழாய் கெட்டிருந்தால் அதை மாற்றிக் கேட்க வேண்டுமே தவிர, நம் சம்பளத்தில் தவணை கட்டி மறைப்பது என்ன நியாயம்? உங்கள் சிங்கிலும் நீலப்பச்சைக் கோடு இருந்தால், வீட்டு நம்பரை எழுதிச் சங்கக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த வாரம் லயத்தைப் பார்வையிடும்போது உங்கள் வீட்டுக்கும் வருகிறேன்.