நல்ல ஊர் எது? கெட்ட ஊர் எது?



போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, விடுதியில் கரண்ட் போய்விட்டது. “இதுவரைக்கும் குடியிருந்ததில் நல்ல ஊர் எது, மோசமான ஊர் எது? ஆளாளுக்குச் சொல்லணும்” என்று ஒருவன் ஆரம்பித்து வைத்தான். என் முறை வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. “நல்ல ஊரு பெரம்பலூர். மோசமான ஊரு அரியலூர்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. எட்டாவது படிக்கும்வரை அரியலூரில், செந்துறை ரோட்டுப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். வாசலை ஒட்டி சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். காலையில் அம்மா துடைத்த திண்ணையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். துவைத்த துணியை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுவோம். ஒருநாள் லாரி ஒன்று உரசி, அப்பா சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்து ஆறு மாதம் கட்டிலில் கிடந்தார். நிற்காமல் போன அந்த லாரி யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பிறகுதான் பெரம்பலூர் துறைமங்கலத்துக்கு வந்தோம். தூரம் என்னவோ முப்பது கிலோமீட்டர் சுமார்தான். ஆனால் மொட்டைமாடியில் போர்வையைக் காயப்போட்டு எடுத்தபோது அம்மா அதை முகத்தில் வைத்துப் பார்த்தார். “இப்பத்தாண்டா துணி துணியா இருக்கு” என்றார். எனக்கு அன்றே தீர்ப்பு முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், முதலாண்டுத் தம்பி ஒருவன், அரியலூர்க்காரன், மெதுவாகக் கேட்டான். “அண்ணே, உங்க பெரம்பலூர் வீட்டை எதுல கட்டுனாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பதில் வரவில்லை.

நண்பர்களே, நாம் சிவில் படிக்கிறவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதைச் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கிறார்கள். அப்படியானால் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, எங்கோ ஓர் ஊரின் மண்ணிலிருந்து 70 கிலோ கல் போகிறது. நாம் லேபில் கியூப் வார்த்து, உடைத்து, ரெக்கார்டில் எழுதுகிறோமே, அந்தச் சிமெண்டின் தூசு எந்த அம்மாவின் திண்ணையில் படிந்ததோ?

நான் நல்ல ஊர் என்று சொன்ன ஊர், மோசமான ஊர் என்று சொன்ன ஊரை அரைத்துக் கட்டியது! இதுதான் அந்தத் தம்பி கேட்டதற்கு அர்த்தம்.

பெரம்பலூரிலும் கல்குவாரி உண்டு, கிரஷர் உண்டு. அதன் பக்கத்தில் குடியிருப்பவனைக் கேட்டால் என் ‘நல்ல ஊர்’ அவனுக்குக் கெட்ட ஊர்தான். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க நாங்கள் போவது அதே அரியலூருக்குத்தான். மண்ணைக் கேட்டாலோ இரண்டும் ஒரே கதை சொல்லும். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே கல்மரம், அதற்கு வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு! நாமோ 1995-இல் திருச்சியிலிருந்து பிரித்து ஒரே மாவட்டம் ஆக்கினோம். 2001-இல் இரண்டாக்கினோம், 2002-இல் சேர்த்தோம், 2007-இல் மறுபடி பிரித்தோம். கோடு மாறியது. தூசு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆலையை மூடு என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் நாளை அங்கேதான் அப்ரண்டிஸாகப் போவோம். அந்தச் சோற்றையும் மறுக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாமே! லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்ட எவ்வளவு செலவாகும்? பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரத்தில் லாரியை நிறுத்தினால் உற்பத்தி என்ன குறைந்துவிடும்? தோண்டி முடித்த குழியை எப்படிச் சீர்செய்வது என்று திட்டம் கொடுக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு கனிம விதிகளிலேயே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. 12.1.2015-க்கு முந்தைய குத்தகைக்காரர்கள் தங்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கூடுதலாக அதில் கட்ட வேண்டும். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான பணம். நம் ஊரில் அது எந்தத் தெருவுக்கு வந்தது என்று கேட்க டிப்ளமோகூட வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

ஆகவே தோழர்களே, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஊரில் நல்லது கெட்டது இல்லை. ஒரு ஊர் கொடுக்கிறது, இன்னொரு ஊர் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டு, கொடுத்த ஊரையே மோசம் என்று சொல்வதுதான் கெட்டது. அதை நான் செய்தேன்.

நாளை நீங்கள் சைட்டில் நின்று மூட்டையை எண்ணும்போது, ஒரு நிமிஷம் அந்தத் திண்ணையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தால், முதல் கையெழுத்து அந்தத் தார்ப்பாய்க்கு இருக்கட்டும்!

– மூன்றாமாண்டு சிவில் மாணவன்