பால் ஒத்துக்கொள்ளாத நண்பரைக் கேலி செய்யாதீர்கள்

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். ஒரு குவளை பால் குடித்தால் போதும், சற்று நேரத்தில் வயிறு பொருமும், கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். "தினமும் குடி, பழகிவிடும்" என்பார்கள் வீட்டில். நண்பர்கள் சிரிப்பார்கள். இந்த அறிவுரை தவறு என்பது என் கருத்து.

பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ். சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைக்கிறது. எலிக்குட்டியை எடுத்துக்கொள்வோம். பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை தாய்ப்பால்தான் அதன் முக்கிய உணவு. அப்போது அதன் குடலில் லாக்டேஸ் நிறைய இருக்கும். நாம் தேநீரில் போடும் சீனியை உடைக்கும் சுக்ரேஸ் அநேகமாக இருக்காது. பால் மறக்கும் காலம் வந்ததும் லாக்டேஸ் கிடுகிடுவென இறங்குகிறது, சுக்ரேஸ் ஏறுகிறது.

பால் நின்றதால்தான் லாக்டேஸ் குறைந்ததா? நல்ல கேள்வி. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார்கள். பிளிம்மர் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் விலங்குகளுக்குத் தொடர்ந்து பால் கொடுத்துப் பார்த்து, 1906இல் முடிவை வெளியிட்டார். குடல் பாலுக்குப் பழகவில்லை. எலிகளில் பால்குடியை நீட்டித்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளிலும் லாக்டேஸ் இறங்கத்தான் செய்தது. அதை இறக்குவது வயது, உணவன்று.

எல்லா நொதிகளும் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. வளர்ந்த எலிக்குச் சீனி மிகுந்த தீனி கொடுத்தால் சுக்ரேஸ் கூடும். மாவுச்சத்தைக் கூட்டினால் கணையத்தில் அமிலேஸ் பெருகும். புரதத்தைக் கூட்டினால் புரதத்தை உடைக்கும் நொதிகள் பெருகும். சில நாள்களே போதும். ஆக, "பழகிவிடும்" என்பது சில நொதிகளுக்கு உண்மைதான். லாக்டேஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு லாக்டேஸ் குறைந்துதான் இருக்கிறது. தென்கிழக்காசியாவில் இந்த விகிதம் இன்னும் அதிகம். வட ஐரோப்பியரில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பின்பும் அது குறைவதில்லை. அதற்குக் காரணமாக டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தனர். பெரும்பாலோரின் இயல்பைக் 'குறைபாடு' என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"நான் குடித்துக் குடித்தே பழகினேனே" என்று யாராவது சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும், தொந்தரவும் குறையலாம். லாக்டேஸ் மட்டும் திரும்பி வருவதில்லை.

நொதி என்றதும் பாடத்தில் வெப்பநிலை, பி.எச். மதிப்பு, செறிவு என்று மனப்பாடம் செய்கிறோம். சோதனைக் குழாய்க்கு அது போதும். அந்த நொதி எந்த விலங்குடையது, அதற்கு வயது என்ன, என்ன தின்று வளர்ந்தது என்றும் பாடத்தில் கேட்க வேண்டும் என்பேன்.

பால் ஒத்துக்கொள்ளாதவர் தயிரை முயன்று பார்க்கலாம். அதிலுள்ள பாக்டீரியாக்களே லாக்டோஸை உடைக்க உதவும். சுண்ணாம்புச் சத்து முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் கிடைக்கும். வலி தொடர்ந்தால் நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: வீட்டுப் பூனைக்குத் தட்டில் பால் ஊற்றுகிறீர்களா? வளர்ந்த பூனைக்கும் லாக்டேஸ் குறைவுதான். தண்ணீர் வையுங்கள்.