அதலைக்காய்: களையன்று, கறிகாய்!

 

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மதுரை, விருதுநகர் வட்டாரச் சந்தைகளில் அதலைக்காயைக் கண்டிருப்பீர்கள். விரல் நுனியளவே உள்ள, நீளவாக்கில் வரிமேடுகள் கொண்ட கரும்பச்சை நிறக் காய் அது. பாகற்காயின் இனத்தைச் சேர்ந்தது. கசப்பும் அதனைப் போன்றதே. தாவர நூலார் இதனை மொமோர்டிகா சிம்பலேரியா என்பர்.

இதனை எவரும் விதைத்து, நீர் பாய்ச்சி வளர்ப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்காக உறங்கிக் கிடந்து, பருவமழை பெய்ததும் தளிர்த்துக் கொடியாகப் படர்கிறது. மானாவாரிப் பயிர்களுக்கிடையிலும் வரப்புகளிலும் காய்க்கிறது. நிலம் காய்ந்ததும் கொடி மடிந்துவிடும். கிழங்கோ அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். மனிதன் உழைக்காமலேயே இறைவன் அளிக்கும் உணவன்றோ இது!

பாகற்காயைக் காட்டிலும் இதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நார்ச்சத்தும் உண்டு. நீரிழிவு நோயாளர் இதனை விரும்பி உண்பர். எனினும், இக்காயை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மற்றொரு எச்சரிக்கையும் இன்றியமையாதது: உணவாகப் பயன்படுவது காய் மட்டுமே. இதன் கிழங்கைக் கருச்சிதைவுக்கு நாட்டு மருத்துவத்தில் பயன்படுத்தியதுண்டு. ஆகவே கிழங்கை எவரும் உண்ணலாகாது. கர்ப்பிணிகள் காயையும் தவிர்ப்பது நன்று.

பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். முற்றிய காய் விரைவில் வெடித்துவிடுமாதலால் வாங்கிய அன்றே சமைத்துவிடுதல் நலம். காம்பையும் நுனியையும் கிள்ளி எறிந்து, கழுவி, நீரை நன்கு வடித்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, சிறிய வெங்காயம், பூண்டு தாளித்துக் காயைச் சேர்த்து, இளந்தீயில் சுருள வதக்குங்கள். மிளகாய்த்தூள், உப்பு இட்டு, இறுதியில் தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் சுவையான பொரியல். குழந்தைகள் கசப்புக்கு அஞ்சினால், வதக்கிய காயைப் புளி ஆணத்தில் இட்டு, சிறிது வெல்லம் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினால் வற்றலாகவும் பயன்படும்.

இத்துணைப் பயனுள்ள கொடி பல நிலங்களில் அருகி வருகிறது. பயிருக்கு இடையூறான களையென்று கருதிக் களைக்கொல்லி தெளிப்பதாலும், ஆழ உழுவதாலும் கிழங்கு அழிகிறது. விளைநிலம் வீட்டு மனையாகும்போது அதனுடன் கொடியும் மறைகிறது. விதையிலிருந்து இது எளிதில் முளைப்பதில்லை. ஆகவே கிழங்கு அழிந்த இடத்தில் மீண்டும் காண்பது அரிது.

சொந்த நிலமுடையோர் வரப்பிலேனும் சில கொடிகளை விட்டுவையுங்கள். நிலமில்லாதோர், பருவம் வரும்போது சந்தையில் கேட்டு வாங்குங்கள். வாங்குவோர் இருக்கும்வரை பறிப்போரும் இருப்பர். பறிப்போர் இருக்கும்வரை கொடிக்கும் மதிப்பிருக்கும். விலை பேசும்பொழுது மட்டும், அச்சிறு காய்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பறித்த ஏழைப் பெண்களின் கைகளை எண்ணிப் பாருங்கள்.