காசுள்ளவன் பிள்ளைக்குத் திரைக்குள் பள்ளி! கூலிக்காரன் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சா?

அபிராமபுரத்தில் ஒரு மாடி வீடு. காலை ஒன்பது மணி. அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறான். எழுத்துக்கள் அவன் கண்ணுக்கு இடம் மாறித் தெரிகின்றன. 'டிஸ்லெக்சியா' என்கிறார்கள் டாக்டர்கள். அவனுக்காகத் தனியார் 'ஆன்லைன் ஹைஸ்கூல்' இருக்கிறது. அவன் வேகத்துக்குப் பாடம், தனி ஆசிரியை, ஆறுதல் சொல்ல ஆலோசகர். எல்லாம் காசுக்கு!

அதே வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய்க்கும் ஒரு மகன். அவனுக்கும் அதே குறைதான். அவனுக்குக் கிடைத்தது என்ன? 'மக்கு' என்ற பட்டம், கடைசி பெஞ்சு, பிறகு மெக்கானிக் ஷெட்!

ஒரே குறை, இரண்டு விதி! இப்படிப்பட்ட இரண்டு பிள்ளைகளை மயிலாப்பூரிலும் காணலாம், அடையாறிலும் காணலாம்.

மாடி வீட்டுப் பிள்ளை மேல் நமக்குக் கோபமில்லை. அவனும் குழந்தைதான். தேர்ச்சி சதவிகிதம் குறைந்துவிடும் என்று அஞ்சும் பள்ளிகள் இத்தகைய குழந்தைகளை வெளியே தள்ளப் பார்க்கின்றன. தள்ளப்பட்ட குழந்தைக்கு வேறொரு வியாபாரி வலை விரிக்கிறான். ஒருவன் கதவைச் சாத்துகிறான். மற்றவன் ஜன்னலுக்கு வாடகை கேட்கிறான்!

இந்தக் கடைகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் கடைசியில் எழுதுவது எந்தப் பரீட்சை தெரியுமா? மத்திய சர்க்காரின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் பரீட்சைதான்! 1989ல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகத் தேறலாம். 2021 ஆகஸ்டில் அந்த நிறுவனமே இணையவழிப் பள்ளியையும் தொடங்கியது. அந்த ஏணி பொதுமக்கள் பணத்தில் செய்தது. அதன் அடியில் நின்று டிக்கெட் கிழிக்கிறான் தனியார் முதலாளி!

நம் பிள்ளைக்குச் சட்டத்தில் இடமில்லையா? இருக்கிறது, தோழர்களே! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் அவற்றில் அடக்கம். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது அச்சட்டம். அருகிலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளைக்கே.

சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? 2021 அக்டோபரில், ஆரம்பப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கு வகுத்தது. 2025 மார்ச்சில், அதற்கான பணியிடங்களை உண்டாக்கி அறிவியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது. ஒரு முறை சொன்னால் செய்கிறவர்களுக்கு மறுமுறை எதற்கு உத்தரவு?

ஏட்டில் சர்க்கரை இனிக்கிறது. நாட்டில் நடப்பதோ வேறு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிகளில் நூற்றுக்கு 27 பேர் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. தமிழ்நாட்டில் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் உழைத்து, பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். மில்லில் 'தற்காலிகம்' என்ற பேரில் நம்மை எப்படி உறிஞ்சுகிறார்களோ, அதே வித்தைதான் அங்கும்! இந்தத் திட்டத்துக்கு 2024-25ஆம் ஆண்டு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயையும் டில்லி நிறுத்திவைத்தது. ஏன்? டில்லியின் 'பிஎம் ஸ்ரீ' பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லையாம்! டில்லிக்கும் கோட்டைக்கும் சண்டை. பட்டினி கிடப்பது குழந்தையின் படிப்பு!

'எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, ஆசிரியர் எதற்கு?' என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. அந்தக் கூத்தைத்தான் பார்த்துவிட்டோமே! 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. ஒரே செல்போன், அதையும் அப்பன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். காது கேளாத பிள்ளைக்குச் சைகை காட்ட யார் இருந்தார்கள்? பார்வையில்லாத பிள்ளையின் விரலைப் பிடித்துப் பிரெயில் எழுத்தின் மேல் வைக்க எந்தத் திரைக்குக் கை இருந்தது?

2025ல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதில் அரிசி வாங்குவதா, 'டேட்டா' வாங்குவதா? பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டுமா? 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, தோள்மேல் கைபோட ஒரு நண்பன் உண்டு. திரை சோறு போடுமா?

வியாபாரியை நம்பினால் என்ன கதி? 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பெருமை பேசப்பட்ட பைஜூஸ் கம்பெனி, அதே ஆண்டு அக்டோபரில் 2,500 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் அதன்மேல் திவால் வழக்கு ஏற்கப்பட்டது. கடை மூடலாம், அரசுப் பள்ளி மூடக்கூடாது!

இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. தறியோடு தொழிலாளி சண்டை போடுவதில்லை. தறியைக் காட்டி வயிற்றில் அடிப்பவனோடுதான் சண்டை. படுக்கையை விட்டு எழமுடியாத பிள்ளைக்குக் கணினி பெரும் வரம். அந்த வரம் எல்லாப் பிள்ளைக்கும் வரட்டும். சர்க்கார் செலவில் வரட்டும்!

ஆகவே நாம் கோருவது: கோர்ட் வகுத்த கணக்குப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் சிறப்பாசிரியர்! தொகுப்பூதியம் ஒழிக்கப்பட்டு நிரந்தர வேலை! வீட்டைவிட்டு வரமுடியாத பிள்ளைக்கு இலவசக் கருவி, வீடு தேடி வரும் ஆசிரியர்!

தோழர்களே! உங்கள் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால் அடிக்காதீர்கள்; அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று கேளுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஒரு ஆளும் கேட்கலாம். தலைமையாசிரியர் மூலம் மனுச் செய்யுங்கள். மறுத்தால் சங்கத்தில் சொல்லுங்கள். கூலி உயர்வு மனுவோடு இந்த மனுவும் போகட்டும்.

பிள்ளைக்கு இருப்பது குறைபாடு. அதைக் காசாக்குகிற சமுதாயத்துக்கு இருப்பதுதான் ஊனம்! அந்த ஊனத்தைத் தீர்க்க நாம்தான் எழவேண்டும்!