பெண்கள் வரமாட்டார்கள் என்கிற பொய்க்கணக்கு

பொதுக் கழிப்பறை பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கட்டிப் போட்டாச்சு, பொம்பளைங்க யாரும் வர்றதில்லையே." ஊராட்சிக் கூட்டத்தில் இது அலுப்போடு வரும். முதலீட்டாளரின் ஏசி அறையில் இதே பேச்சு இஸ்திரி போட்டுக்கொண்டு, "மார்க்கெட் இல்லை" என்று வரும். பெண்களுக்கான கழிப்பறையைத் தொழிலாக எடுத்துச் செய்யலாம் என்று கிளம்புகிற இளைஞர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் புதுவாயல். மேற்கே பெரியபாளையம் சாலை பிரிகிறது. வடக்கே கவரைப்பேட்டை, அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இதுபோன்ற கூட்டுச்சாலையில்தான் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கம்பெனி வண்டிக்கும் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்து நிற்கிறார்கள். ஆடி மாதமானால் பெரியபாளையத்து பவானி அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆணுக்கு ஒரு லாரி மறைவு போதும், மதில் ஓரம் போதும். பெண்ணின் பையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ஆனால் கம்பெனி கேட்டைத் தாண்டும்வரை அதன் மூடி திறப்பதில்லை. வீட்டிலேயே காபியைப் பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டு வந்தவள் அவள். இப்படி உடம்பை வறளவிட்டு அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறவளைப் பார்த்துத்தான் தேவை இல்லை என்கிறார்கள்.

கேட்டுக்கு உள்ளே சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 19-ஆவது பிரிவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. 25 பெண்களுக்கு ஒன்று என்று விதிகள் கணக்கும் சொல்லின. நடைமுறை எப்படியோ, கேட்பதற்கு ஒரு காகிதமாவது இருந்தது. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே கிடக்கிற சாலைதான் யார் பொறுப்பிலும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை இருக்கும், அதில் பூட்டும் தொங்கும். வண்டிக்கு எண்ணெய் போடாத ஒரு பெண், நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் போய் "அண்ணா, சாவி" என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள்?

சரி, "கட்டிப் போட்டாச்சு" என்கிறார்களே, அதற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டே உட்கார வேண்டும். பையை மாட்ட ஆணி கிடையாது. தரையில் வைக்க முடியாது. கழுத்தில் தொங்கவிட்டு, துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். நாப்கினைப் போட டப்பா இல்லை. பல்பு எரியாது. குழாயில் வருவது காற்று. வாசலில் மேசை போட்டு ஓர் ஆள் உட்கார்ந்து, உள்ளே போகிறவளை மேலும் கீழும் பார்த்துக் காசு வாங்குவார். இங்கே வந்த பெண்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தேவை இல்லை என்று எழுதுகிறார்கள். ஊசிப்போன சாம்பாரை ஊற்றிவிட்டு, இந்த ஊருக்குச் சாம்பாரே பிடிக்காது என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒழுங்காக வைத்திருந்த இடங்களுக்குப் பெண்கள் வந்தார்கள். திருச்சியில் கிராமாலயா அமைப்பின் முயற்சியில், 2000-ஆம் ஆண்டையொட்டி, குடிசைப் பகுதிக் கழிப்பறைகளை அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களே நடத்தத் தொடங்கின. வாசலில் உட்கார்ந்தது பக்கத்து வீட்டு அக்கா. வரவு செலவு நோட்டு அவர் கையில். புனேயில் 2016-இல் சாராபிளாஸ்ட் நிறுவனம் ஓடித் தேய்ந்த பஸ்களைப் பெண்கள் கழிப்பறையாக்கி நிறுத்தியது. ஐந்து ரூபாய் கட்டணம்; கூடவே ஒரு பெண் பணியாளர். அங்கேயும் வந்தார்கள்.

சென்னையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2010-களின் நடுவில் பளபளவென்று இ-டாய்லெட்டுகள் வந்தன. காசு போட்டால் கதவு திறக்கும், தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளும் என்றார்கள். பல இடங்களில் சீக்கிரமே கதவு திறக்காத இரும்புப் பெட்டிகளாகிவிட்டன. ஆள் வேண்டாம் என்பதுதான் அந்த இயந்திரத்தின் பெருமை. அதன் வினையும் அதுவே. நின்றபடியே பெண்கள் சிறுநீர் கழிக்க ஒரு காகிதக் கூம்பும் கடைக்கு வந்திருக்கிறது. பயணத்தில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கழிப்பறை நாறட்டும், நீ உன்னை மாற்றிக்கொள் என்பதற்கு அது விலைச்சீட்டு ஒட்டிக் கொடுக்கிறது.

பெண்களுக்குக் கழிப்பறை எதற்கு என்கிற பிடிவாதம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1900-வாக்கில் லண்டன் கேம்டனில் பெண்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை கட்டலாம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. இடத்தைக் காட்ட நட்டுவைத்த மரக்கூண்டின் மீது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நிரூபிக்க வண்டிகளை வேண்டுமென்றே மோதவிட்டார்கள். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அப்போது உள்ளாட்சி உறுப்பினராக இருந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்தவர். 1909-இல் இதை எழுதியும் வைத்தார். ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்கு ஒரு பென்னி என்பதும் அவருடைய ஆத்திரங்களில் ஒன்று. நூறு வருஷம் கழித்து, 2011-இல், மும்பைப் பெண்கள் சிறுநீர் கழிக்கும் உரிமை கேட்டுக் கிளம்பியபோதும் புகார் அதேதான்.

ஆகவே புதுவாயலில் ஒரு ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர் கட்டடத்தையோ ஆப்பையோ விற்க வேண்டாம்; பராமரிப்பை விற்கட்டும். வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற ஆப், பூட்டிக் கிடக்கிற கதவுக்குத்தான் துல்லியமாக வழி சொல்லும். பெண்களை ஏற்றிப்போக வண்டி விடுகிற கம்பெனிகளிடம் மாதச் சந்தா கேட்கலாம். சுங்கம் வசூலிக்கிற சாலைக்காரர்களிடமும் கேட்கலாம். காத்து நிற்கிறவளிடம் தினம் ஐந்து ரூபாய் பிடுங்கித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தில் தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், குப்பை டப்பா எல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். அங்கே வண்டி ஏறுகிற பெண்களே சரிபார்க்கட்டும். பூட்டிக் கிடந்த நாளுக்குப் பணம் கிடையாது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சுத்தம் என்றதும் ஒரு குறிப்பிட்ட சாதிக்காரரைக் கூப்பிட்டு, கையுறைகூட இல்லாமல், கொடுத்ததை வாங்கிக்கொள் என்பது நம் ஊர் வழக்கம். அந்த மலிவை நம்பி லாபக் கணக்குப் போடுகிற கம்பெனி வராமலே இருக்கலாம். விடிவதற்கு முன்பே திறந்து இரவு ஷிப்ட் வண்டி போகும்வரை நடத்த இரண்டு ஆளாவது வேண்டும்; அவர்களுக்குச் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை, விடுமுறை நாளுக்கு மாற்று ஆள் எல்லாம் வேண்டும். செலவுப் பட்டியலின் முதல் வரியில் இந்தத் தொகையை எழுதிவிட்டு முதலீட்டாளரைப் பார்க்கப் போகட்டும்.