மார்கழிக் குளியலும் அடுத்த வீட்டுக் கதவும்

ஆண்டுதோறும் ஜனவரி 2-ஆம் தேதி பத்திரிகைகளில் தவறாமல் ஒரு படம் வரும். எங்கோ ஒரு மேல்நாட்டுக் கடற்கரை. சுற்றிலும் பனி. ஆண்களும் பெண்களும் அரைகுறை உடையில் கூச்சலிட்டபடி கடலுக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் சாயா குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்க்கும் நம்மவர், "இவர்களுக்கு வேறு வேலையில்லை" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். அப்படிச் சிரிப்பவரே அன்று விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் தலைமுழுகி, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு வந்தவராக இருப்பார் என்பதுதான் வேடிக்கை. ஜனவரி முதல் தேதி நமக்கு மார்கழியின் நடுப்பகுதி அல்லவா?

சிரிப்பதற்கு முன் அந்த மேல்நாட்டு வழக்கத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்பது நல்லது. நியூயார்க் நகரின் கோனி தீவில் பனிக்கரடிச் சங்கம் என்ற பெயரில் ஒரு கூட்டம் 1903-லிருந்து குளிர்காலத்தில் கடலில் முங்கி வருகிறது. கனடாவின் வான்கூவரில் 1920-ஆம் ஆண்டு இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் பீட்டர் பான்டஜஸ் என்பவர். அவர் அந்த ஊர்க்காரர் அல்லர். கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். விரல்விட்டு எண்ணக்கூடிய நண்பர்களுடன் அவர் தொடங்கியது இன்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் புத்தாண்டு விழாவாகிவிட்டது. நெதர்லாந்தின் ஸ்கேவெனிங்கன் கடற்கரையில் 1965-லிருந்து இதே திருவிழா நடக்கிறது.

இவற்றில் நம் கவனத்துக்கு உரியது குளிர் அல்ல, அதோடு சேர்ந்து நடக்கும் தர்மம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் போலீஸ்காரர்கள் முன்னின்று 1997-லிருந்து நடத்தும் குளிர்கால முழுக்கில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு நிதி திரட்டுகிறார்கள். முறை மிக எளிது. "நான் குளிர்ந்த நீரில் முங்குகிறேன், அதற்காக நீ இவ்வளவு கொடு" என்று முங்குபவர் உறவினரிடமும் சக ஊழியரிடமும் கேட்டு வாங்கி வருகிறார். உடம்பை வருத்துவது ஒருவர், பணம் கொடுப்பது நாலு பேர், பயன் பெறுவது யாரோ முகம் தெரியாத ஒரு பிள்ளை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டாலர்கள் இப்படிச் சேர்கின்றன.

நம்மிடம் இல்லாததா?

இதைப் படித்தவுடன், "நம் முன்னோர் செய்யாததையா அவர்கள் செய்துவிட்டார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். மார்கழித் திருவாதிரையை ஒட்டி, பனி கொட்டும் விடியலில் பெண்கள் வைகையில் கூடி நீராடியதைப் பரிபாடல் பேசுகிறது. ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் இந்தக் குளிர்ந்த நீராடலைச் சுற்றிப் பிறந்தவைதாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் மார்கழி நீராட்ட விழா நடக்கிறது. ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் காவிரி முழுக்கு, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கடல் நீராடல் என்று நம் பஞ்சாங்கமே தண்ணீரில் நனைந்துதான் இருக்கிறது.

ஆனால் ஆண்டாள் சொன்ன நோன்பில் நீராட்டம் ஒரு பகுதி மட்டுமே என்பதை நாம் நினைவில் கொள்வதில்லை. நெய்யும் பாலும் விலக்க வேண்டும், மையும் மலரும் விலக்க வேண்டும், தகாததைச் செய்யலாகாது, புறங்கூறலாகாது, இரப்பவர்க்குக் கை நிறையக் கொடுக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் நோன்பு. இன்னொன்றும் உண்டு. அந்தப் பாடல்களில் பெண்கள் தனித்தனியே போய் நீராடிவிட்டு வருவதில்லை. ஒருத்தி எழுந்து அடுத்தவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். இருவருமாக மூன்றாவது வீட்டுக்குப் போகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு எழுப்புவதுதான் வேலை. மார்கழிக் குளியல் என்பது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில் தொடங்குகிறது. இதை மறந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஜலதோஷம்தான்.

மாட்டுங்காவில் நடப்பது

மாட்டுங்காவில் குடியேறிய நம்மவர்கள் ஆறும் குளமும் இல்லாத ஊரில் இந்த வழக்கத்தைக் காப்பாற்றிக் கொண்டு வந்தது பாராட்டத்தக்கது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி, ஒரே குழாயில் முறை வைத்துக் குளித்து ஆபீசுக்கு ஓடிய குமாஸ்தாக்கள் மார்கழியை விடவில்லை. இன்றும் மார்கழி பிறந்தால் கோயில்களிலும் பஜனை மண்டபங்களிலும் விடியலில் திருப்பாவை கேட்கிறது, பொங்கல் மணக்கிறது. கார்த்திகை முதல் தேதியில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் 41 நாள் விரதத்தில் காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள், அன்னதானமும் செய்கிறார்கள். ரோட்டோரக் கடைக்காரர்களும் டாக்ஸி டிரைவர்களும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து மகிழாதவர் யார்?

எனினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மும்பையின் குளிர் பெரிய தவமல்ல. சாந்தாக்குரூஸ் வானிலை நிலையத்தில் 1962 ஜனவரி 22-ஆம் தேதி 7.4 டிகிரி பதிவானதுதான் இந்நகரின் மிகக் குறைந்த அளவு. சாதாரண ஜனவரியில் விடியற்காலை வெப்பநிலை சராசரியாகப் பதினாறு, பதினேழு டிகிரி இருக்கும். அதற்கே, "நான் மார்கழி முழுவதும் கீசர் போடுவதில்லை" என்று ஆபீசில் பெருமை பேசுகிறோம். பூட்டிய குளியலறைக்குள் தனியாகக் குளிக்கிறோம்; தனியாகப் புண்ணியத்தைக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

தண்டவாளத்துக்கு அப்பால்

தட்ட வேண்டிய கதவு வெகுதூரத்தில் இல்லை. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், தாராவியை ஒட்டியுள்ள பகுதிக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றுதான் பெயர். பெயரிலும் மாட்டுங்கா, பேச்சிலும் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் வாழ்கிறார்கள். அங்கே பல சந்துகளில் பொதுக்குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாளில் சில மணி நேரம்தான். விடியுமுன் எழுந்து, குடத்தையும் டிரம்மையும் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பிடித்த நீரில் சமையலுக்குப் போக மிஞ்சியதுதான் குளிக்க. காய்ச்சிக் குளிக்க கேஸை யார் செலவழிப்பார்?

மார்கழிக்காக எழுபவரும் குழாய்க்காக எழுபவரும் ஒரே நேரத்தில்தான் எழுகிறார்கள். ஒருவருக்கு அது விரதம். மற்றவருக்குப் பன்னிரண்டு மாதமும் மார்கழி. அந்தக் குளிர்ந்த குளியலுக்கு யாரும் புண்ணியம் எழுதுவதில்லை.

இதில் மேலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பழைய நாளில் ஊர்க்குளத்தில் எல்லோரும் சேர்ந்து நீராடினார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். எல்லோரையுமா இறங்க விட்டார்கள்? நாம் வாழும் இதே மகாராஷ்டிரத்தில், மகாட் என்ற ஊரின் சவுதார் குளத்து நீரைத் தம் மக்களும் தொடலாம் என்பதற்காக டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நம் ஊர்களின் கதையும் வேறல்ல. அன்று தெருவுக்குத் தெரு கிழிக்கப்பட்ட கோட்டை, இங்கே தண்டவாளம் நமக்காகக் கிழித்து வைத்திருக்கிறது. ரயிலேறி வரும்போது பெட்டி படுக்கையோடு அதையும் கொண்டுவந்துவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

என்ன செய்யலாம்?

யோசனை மிகச் சிறியது. மார்கழியில் விடியற்காலை குளிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு முழுக்குக்குப் பத்து ரூபாய் என்று எடுத்து வைக்கட்டும். மார்கழி 29 நாள் என்றால் 290 ரூபாய். ஒரு கட்டடத்தில் நாற்பது வீடு சேர்ந்தால் 11,600 ரூபாய். குளிக்காமல் தூங்குபவரிடம் இரட்டிப்பாக வாங்கலாம்; அவரும் மனமுவந்து கொடுப்பார்! மேல்நாட்டார் செய்வதுபோல், "என் பாட்டி இந்த மாதம் முழுவதும் முழுகுகிறாள், உன் பங்கு எவ்வளவு?" என்று பேரப்பிள்ளைகள் ஆபீஸ் நண்பர்களிடம் கேட்கலாம்.

இதற்கென்று புதிய சங்கம் வேண்டாம்; தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்தலும் வேண்டாம். அவற்றுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கட்டடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று, நெய் வழியும் அக்காரவடிசில் பரிமாறுவதற்கு முன், கணக்கை உரக்கப் படித்துவிட வேண்டும்.

பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மாட்டுங்காவில் உட்கார்ந்து நாம் முடிவு செய்யக்கூடாது. தாராவித் தமிழர் கையேந்துபவர்கள் அல்லர். உழைத்துச் சாப்பிடுபவர்கள், தெருவில் பானை வைத்து அவர்கள் கொண்டாடும் பொங்கலின் களை நம் கட்டடங்களில் காணக்கிடைக்காது. அவர்களிடமே போய்க் கேட்போம். கொசு புகாத மூடியுள்ள தண்ணீர் டிரம் வேண்டும் என்பார்களோ, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்பார்களோ, பத்தாம் வகுப்புக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்பார்களோ, அவர்கள் சொல்லட்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பணமே தேவையில்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பள்ளி நடத்தத் துணிந்த மாட்டுங்காவுக்கு இது பெரிய காரியமா?

"விரதத்தைப் பணத்தால் அளப்பதா?" என்று ஆட்சேபிப்பவர்கள் இருப்பார்கள். அபிஷேகத்துக்கும் அர்ச்சனைக்கும் கட்டணப் பலகை தொங்குவதைத் தினமும் பார்க்கும் நமக்கு இந்தக் கூச்சம் எதற்கு? "தாராவியில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்களே" என்பாரும் உண்டு. இருந்தால் என்ன? குழாயடி வரிசையில் குடத்துக்கு மதமில்லை. "மறுவளர்ச்சித் திட்டம் முடிந்தால் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிடும்" என்பது மூன்றாவது பேச்சு. வரட்டும், மகிழ்ச்சி. அது வரும்வரை பிள்ளைகள் குளிக்காமல், படிக்காமல் இருக்க முடியாது.

சில எச்சரிக்கைகள்

புதிய உற்சாகத்தில் இளைஞர்கள் மாகிம் கடலிலோ தாதர் கடலிலோ போய் முங்க வேண்டாம். மித்தி ஆறு நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு மாகிமில்தான் கடலில் விழுகிறது. அங்கே முங்கினால் கிடைப்பது புண்ணியமல்ல, சொறி சிரங்கு.

முதியவர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். குளிர்ந்த நீர் திடீரென்று உடம்பில் பட்டால் மூச்சு திணறும், இதயத் துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் வெந்நீரில் குளிப்பதே முறை. மற்றவர்களும் எடுத்த எடுப்பில் தலையில் கொட்டிக்கொள்ளாமல், முதல் சொம்பைக் காலில் விட்டு, கையை நனைத்து, பிறகு தலைக்கு வரலாம்.

வெந்நீரில் குளித்தால் பலன் குறைந்துவிடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு மயிலாடுதுறையிலேயே பதில் இருக்கிறது. ஐப்பசிக் காவிரி முழுக்குக்குப் புறப்பட்ட கால் ஊனமுற்ற ஒருவர், தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டது. கார்த்திகை முதல் தேதியில் வந்து கலங்கி நின்ற அவருக்கும் இறைவன் முழுப் பலனைக் கொடுத்தான் என்பது ஐதிகம். அந்த நாளை இன்றும் முடவன் முழுக்கு என்றே சொல்கிறார்கள். முடியாதவனுக்கும் தாமதமாக வந்தவனுக்கும் ஒரு நாள் ஒதுக்கி வைத்த மரபு நம்முடையது. பிழைப்பு தேடி ஊரைவிட்டு ஓடிவந்த நாம் எல்லோரும் ஒரு வகையில் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்தாம். நமக்குக் கிடைத்த சலுகையை அடுத்தவருக்கும் நீட்டுவதே நியாயம்.

இந்த மார்கழியில் குளித்து முடித்து, ஈரத் தலையைத் துவட்டியதும் கோயிலுக்குப் போங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? திரும்பும் வழியில் பாலத்தைத் தாண்டி ஒரு தெரு கூடுதலாக நடந்து, ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே எழுந்திருப்பார்கள்.